கத்திரி வெயிலில் கம்ப்யூட்டர்: புராசசரின் சுமையையும் சூட்டையும் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

புராசசர் எத்தனை டிகிரி இருக்கலாம் என்று தேடினால், ‘சும்மா இருக்கும்போது 35, வேலை பார்க்கும்போது 65’ என்று ஒரு கணக்கு உடனே கிடைக்கும். அதைச் சொன்னவர் அநேகமாக ஏசி அறையில் உட்கார்ந்து அளந்திருப்பார். தஞ்சாவூர் கீழவாசலில், தளத்துச் சூடு அப்படியே இறங்கும் மாடி டிடிபி கடையில், மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அறையே 37 டிகிரி இருக்கும். ஃபேன் வைத்து ஆறவைக்கும் எந்தப் புராசசரும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோக முடியாது. அங்கே 35-ஐ எதிர்பார்த்து பேஸ்ட் மாற்றுவதும் கூடுதல் ஃபேன் வாங்குவதும் வெட்டிச் செலவு.

ஆகவே இங்கே மூன்று எண்களைச் சேர்த்துப் படிக்கப் போகிறோம்: புராசசரின் சுமை, அதன் சூடு, அறையின் சூடு. மூன்றாவதை விட்டுவிட்டால் டெல்டாவில் முதல் இரண்டையும் நம்ப முடியாது. கேபினட்டைத் திறந்தே பார்த்திராதவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஸ்க்ரூ டிரைவருக்குக் கடைசியில்தான் வேலை.

## வேண்டியவை

சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று, ஒரு நோட்டு, ஒரு இலவச மென்பொருள். அவ்வளவுதான். வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். கேபினட்டுக்குள் காற்று நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் மேசையின் மர அறைக்குள் கேபினட்டைத் தள்ளிக் கதவையும் சாத்தியிருந்தால், வெப்பமானியும் அதே அறைக்குள் போகட்டும். அறையில் 33 காட்டியது மர அறைக்குள் 41 காட்டினால், பாதி நோய் அங்கேயே பிடிபட்டது. பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று சுவரில் முட்டித் திரும்ப முன்பக்கமே உள்ளே போகிறது என்று பொருள். கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். செலவே இல்லாத இந்த வைத்தியத்துக்கு நிகர் எந்த ஃபேனும் இல்லை.

கம்ப்யூட்டர் ஓடும்போது தூசி உறையைக் கழற்றிவிடுங்கள். சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள். பில் போடும் மேசைகளைச் சுற்றி வந்து பாருங்கள், தெரியும்.

## படி 1: சுமையைப் பாருங்கள்

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘புராசசஸ்’ பக்கத்தில் ‘சிபியு’ என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் வேலை வாங்கும் நிரல் மேலே வந்து நிற்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் வரைபடம், மொத்தச் சுமை, அப்போதைய வேகம், அடிப்படை வேகம் எல்லாம் இருக்கும். கிகாஹெர்ட்ஸில் காட்டும் அந்த வேகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டரின் வைரஸ் சோதனை, கோப்புகளுக்கு அட்டவணை போடும் வேலை எல்லாம் முதல் சில நிமிடங்களில் முண்டியடித்துக்கொண்டு ஓடும். பத்து நிமிடம் விட்டு, எதையும் திறக்காமல் பாருங்கள். சுமை சில விழுக்காட்டுக்குள் இறங்கி நின்றால் சரி.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நிரல் திணறுகிறது, ஆனால் டாஸ்க் மேனேஜர் 25 விழுக்காடுதான் காட்டுகிறது. நான்கு கோர் உள்ள புராசசரில் ஒரே கோரை மட்டும் பயன்படுத்தத் தெரிந்த பழைய நிரல் ஓடினால் அப்படித்தான் இருக்கும். ஒரு கோர் முழுக்க நிரம்பியிருக்கும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். வரைபடத்தின் மேல் வலது சொடுக்கி, ஒவ்வொரு லாஜிக்கல் புராசசரையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால் விஷயம் வெளிப்படும்.

## படி 2: சூட்டைப் பாருங்கள்

டாஸ்க் மேனேஜர் கிராபிக்ஸ் அட்டையின் சூட்டைக் காட்டினாலும் புராசசரின் சூட்டைக் காட்டாது. பயோஸில் பார்க்கலாம், கம்ப்யூட்டர் கிளம்பும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டினால் திறக்கும். ஆனால் அங்கே மின்சேமிப்பு வசதிகள் முழுதாக வேலை செய்யாததால், விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட எண் கூடுதலாகவே தெரியும். அவசரத்துக்குப் பார்க்கலாம், பதிவுக்கு ஆகாது.

இதற்கு லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் என்ற கட்டற்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். பலரும் சொல்லும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ இதைவிட விரிவானது. ஆனால் அது தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் இலவசம். இ-சேவை மையம், ஸ்டுடியோ, அரிசி ஆலை அலுவலகம் எல்லாம் தொழில் கணக்கில் வரும். எதை எடுத்தாலும் உருவாக்கியவர்களின் பக்கத்திலிருந்தே, புதிய பதிப்பாகவே இறக்குங்கள். இந்த வகை மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் வந்த டிரைவர் ஒன்றை டிஃபெண்டர் ஆபத்து என்று சொல்லித் தடுக்கும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்தால் ஒரு மரக்கிளைப் பட்டியல் விரியும். இன்டெல் என்றால் ‘சிபியு பேக்கேஜ்’, ஏஎம்டி ரைசன் என்றால் ‘டிசிடிஎல்/டிடை’ என்ற வரியைப் பாருங்கள். பக்கத்திலேயே இப்போதைய அளவு, உச்ச அளவு இரண்டும் இருக்கும். மதர்போர்டு பகுதியில் ஃபேனின் சுழற்சி வேகம் தெரியும். ஆப்ஷன்ஸ் பட்டியலில் ‘லாக் சென்சார்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எல்லா எண்ணும் நேரத்தோடு ஒரு கோப்பில் பதிவாகும். எக்செல்லில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தலைமுறை ரைசன் 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் டிசிடிஎல் எண்ணை ஏஎம்டியே 20 டிகிரி கூட்டித்தான் காட்டியது. ‘டிடை’ என்று தனியாக வரும் எண்தான் மெய்யானது.

## படி 3: கழித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உங்கள் அன்றாட வேலையில் கனமான ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஸ்டுடியோ என்றால் கல்யாண வீடியோ ரெண்டர், அச்சகம் என்றால் பெரிய பிடிஎஃப் ஏற்றுமதி. அதைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சூடு ஏறி நிலைத்து நிற்கும் எண்ணைக் குறியுங்கள். அதே நேரத்தில் வெப்பமானி காட்டும் எண்ணையும் குறியுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். அந்த மீதிதான் உங்கள் கம்ப்யூட்டரின் உடல்நிலை.

எடுத்துக்காட்டாக, மார்கழிக் காலையில் அறை 25, புராசசர் 60 என்றால் மீதி 35. சித்திரைப் பிற்பகலில் அறை 37, புராசசர் 72 என்றாலும் மீதி அதே 35. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது. அதே 37 டிகிரி அறையில் புராசசர் 84-க்குப் போனால் மீதி 47. இப்போதுதான் ஏதோ கெட்டிருக்கிறது: தூசி அடைத்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் தளர்ந்திருக்கலாம். ஒரே வேலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கழித்தல் உதவாது. வெயில் நாளில் ஃபேன் வேகமெடுத்துச் சுற்றுவதால் மீதி ஓரிரு டிகிரி குறையவும் செய்யும். அதனால் ஃபேன் வேகத்தையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

ஆண்டுக்கு நான்கு பதிவு போதும். டெல்டாக்காரர்களுக்கு நாள் நினைவிருக்கும்படி சொன்னால்: பொங்கல் வாக்கில் ஒன்று, மே 4 வாக்கில் கத்திரி தொடங்கியதும் ஒன்று, குறுவை அறுவடை முடிந்ததும் ஒன்று, சம்பா அறுவடை முடிந்ததும் ஒன்று.

## படி 4: எல்லை எங்கே?

இன்டெல்லின் டெஸ்க்டாப் புராசசர்கள் பலவற்றுக்கு உச்ச எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலானவற்றுக்கு 95. உங்களுடையதன் எல்லையைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் எண் போட்டால் பார்க்கலாம். எல்லையைத் தொட்டதும் புராசசர் வெடித்துவிடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஆறாவிட்டால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும்.

என் கணக்கு இது: நீண்ட வேலையில் 80-க்குள் நின்றால் தூங்கப் போகலாம். 80 முதல் 90 வரை என்றால் மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் பில் போடுவதற்கும் பிரவுசர் திறப்பதற்கும் 90 தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ரைசன் 7000-இன் எக்ஸ் ரகங்கள் மட்டும் முழுச் சுமையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

## படி 5: மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

சுமை முழுதாக இருக்கிறது, சூடு 97, படி 1-இல் கவனிக்கச் சொன்ன வேகம் 3.6-இலிருந்து 1.8-க்கு இறங்கியிருக்கிறது. புராசசர் சூட்டுக்குப் பயந்து தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. புதிய கம்ப்யூட்டர் வாங்கத் தேவையில்லை, கூலரைக் கவனித்தால் போதும்.

சுமை ஐந்து விழுக்காடு, சூடு 75. ஃபேன் நின்றிருக்கும், அல்லது கூலர் புராசசரின் மேல் சரியாக உட்காரவில்லை.

சுமையும் இல்லை, சூடும் இல்லை, ஆனாலும் கம்ப்யூட்டர் நகர மறுக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ வரியைப் பாருங்கள். 100 என்று நின்றால் குற்றவாளி பழைய ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி போடுங்கள். இந்த ஊர்ப் பழைய கம்ப்யூட்டர்களில் புராசசரின் மேல் விழும் பழியில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று விஷமமானது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சுமை இயல்பாக இருக்கிறது, மூடினால் ஃபேன் இரைகிறது. நம் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததுமே பதுங்கிவிடும். சூட்டை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது; புராசசர் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் பதிவுக் கோப்பு. ராத்திரி கம்ப்யூட்டரைச் சும்மா ஓடவிட்டு மறுநாள் பாருங்கள், யாரும் தொடாத இரண்டு மணிக்கு 80 டிகிரி இருந்தால் உள்ளே ஆள் இருக்கலாம். கடைக்குக் கடை பென்டிரைவில் கைமாறும் கிராக் மென்பொருள்களும் எழுத்துரு மூட்டைகளும்தான் இதற்கு வழக்கமான வாசல்.

## லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. அன்று பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபின், பழைய டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. சுமைக்கு ‘சிஸ்டம் மானிட்டர்’ போதும். டெர்மினலில் ‘டாப்’ கட்டளை கொடுத்தால் ஒரு நிரல் 300 விழுக்காடு என்றுகூடக் காட்டும். அங்கே ஒரு கோருக்கு 100 என்று கணக்கு, ஆகவே மூன்று கோர் நிறைந்திருக்கிறது. சூட்டுக்கு ‘எல்எம்-சென்சார்ஸ்’ தொகுப்பை நிறுவி, ‘சென்சார்ஸ்’ என்று கட்டளை கொடுங்கள்.

## படி 6: திறந்து துடையுங்கள்

அறுவடைக் காலத்தில் டெல்டாவின் காற்றே வேறு. சாலையோரம் நெல் காய்கிறது, பேருந்து ஒவ்வொன்றும் பதரையும் சுணையையும் கிளப்பிவிட்டுப் போகிறது. உமி எரிக்கும் ஆலைகளின் பக்கம் என்றால் கறுப்புச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் கூலரின் ஃபேனுக்கும் அதற்குக் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் வந்து படியும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்து இறக்கைகளுக்கு இடையே உற்றுப் பாருங்கள். தகடு தெரியாமல் பழுப்பாக ஒரு படலம் மூடியிருந்தால், காற்று உள்ளே போகவே இல்லை.

ஆயுத பூஜை இதற்கு வாகான நாள், குறுவை அறுவடையை ஒட்டியே வரும். பொட்டு வைக்கும் முன் திறந்து துடையுங்கள். சந்தனத்தைக் காற்றுத் துளைகளின் மேல் அப்ப வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினட்டை வாசலுக்குக் கொண்டுபோய் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் தூசியை எடுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றவிட்டால் அதன் பேரிங் போகும்.

இன்டெல்லோடு வரும் கூலரை நான்கு கறுப்பு ஊசிகள் பிடித்திருக்கும். ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு சூடு ஏறிவிடும். பேஸ்ட் மாற்றுவதாக இருந்தால் பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். ஏஎம்டி ஏஎம்4 போர்டில் கூலரை வெடுக்கென்று இழுத்தால் புராசசரும் ஊசிகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து பிளக்கைப் பிடுங்கியபின், லேசாகத் திருகியபடி எடுங்கள்.

முடிந்ததும் படி 3-ஐத் திரும்பச் செய்யுங்கள். மீதி பழைய எண்ணுக்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது.

## மெக்கானிக்கிடம் போவதென்றால்

‘சூடாகுது சார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அறை இவ்வளவு, சுமை இவ்வளவு, புராசசர் இவ்வளவு, ஃபேன் வேகம் இவ்வளவு, போன வருஷம் மீதி 35 இருந்தது இப்போது 47 என்று நோட்டைக் காட்டுங்கள். சுமையே இல்லாமல் சூடு ஏறும் கம்ப்யூட்டருக்கு ‘ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.