நிலம் சொசைட்டி பேரில், வீடு யார் பேரில்?

கேள்வி: சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறேன். மும்பையில் வேலை பார்க்கும் மகனுக்காக மாட்டுங்காவில் ஒரு படுக்கையறை வீடு பேசியிருக்கிறோம். ஐம்பது வருஷத்துக் கட்டடம். பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று ஒரு சதுர அடிகூட இல்லை. ஒரு பங்குப் பத்திரத்தைக் காட்டி, இதுதான் எல்லாம் என்கிறார்கள். ஊரில் உள்ள நிலத்தை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டும். மண் இல்லாத வீட்டை நம்பி வாங்கலாமா ஐயா?

– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பிரிபடாத பாகம் இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் ஃபிளாட் வாங்கினால் மண்ணில் ஒரு பங்கையும் சேர்த்துக் கிரயம் செய்கிறோம். மும்பையில் பெரும்பாலும் அப்படியில்லை. நிலமும் கட்டடமும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினருக்குச் சங்கத்தில் பங்கும், அந்தப் பங்கோடு வீட்டில் குடியிருக்கும் உரிமையும் உண்டு. 1915-இல் காம்தேவியில் சாரஸ்வத் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அந்த நகரம் பழகிய முறை இது. இந்த உரிமை வெறும் அனுமதி அல்ல, கைமாற்றக்கூடிய சொத்து என்று 1975-இல் ரமேஷ் ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அந்த மண் உண்மையிலேயே சங்கத்தின் பேருக்கு வந்துவிட்டதா? கட்டியவரோ பழைய நில உரிமையாளரோ சங்கத்துக்கு எழுதிக் கொடுக்காமலே பல பத்தாண்டுகள் ஓடிவிட்ட கட்டடங்கள் மும்பையில் ஏராளம். அப்படிப்பட்ட சங்கங்களுக்காகத்தான் 2008-இல் சட்டத்தைத் திருத்தி, அதிகாரியே நிலத்தை மாற்றித் தர வழி செய்தார்கள். நமக்குப் பட்டா போல அங்கே ‘பிராப்பர்ட்டி கார்டு’. அதில் சங்கத்தின் பேர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பேரம் பேசும் பலம் உங்கள் மகனுக்கு இருக்காது; விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

மாட்டுங்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1896-இல் பிளேக் பரவிய பிறகு அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை போட்ட வட்டாரம் அது. டிரஸ்ட் 1933-இல் மாநகராட்சியோடு இணைந்தது. அதனால் சில மனைகள் இன்றும் மாநகராட்சியின் நீண்டகாலக் குத்தகையில் இருக்கின்றன. குத்தகைப் பத்திரத்தையும் அதன் நிபந்தனைகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பாரம்பரியக் கட்டட விதிகள் அந்தத் தெருவுக்குப் பொருந்துமா என்பதையும் மாநகராட்சியில் விசாரியுங்கள். முப்பது வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு உறுதித்தன்மை ஆய்வு கட்டாயம். அந்த அறிக்கையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

விற்பவருக்கு வீடு எப்படி வந்தது? இறந்துபோன தகப்பனாரின் நாமினி என்ற வகையில் வந்திருந்தால், நாமினி ஆனதாலேயே அவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உடன்பிறந்தவர்கள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும், பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பழைய தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வட்டாரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் வில்லங்கச் சான்றிதழ் போல அங்கே ஒரே தாளில் எல்லாம் கிடைக்காது. முப்பது வருஷப் பதிவுகளை அங்குள்ள வழக்கறிஞரை வைத்துத் தேடுங்கள்.

‘பங்கை மாற்றினால் போதும், முத்திரைத்தாள் செலவு மிச்சம்’ என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். பங்கோடு வீடும் கைமாறுவதால் முத்திரைத் தீர்வை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மும்பையில் அது மெட்ரோ வரியோடு சேர்த்து ஆறு சதவீதம். பெண் பேரில் மட்டும் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும். மருமகள் பேரில் வாங்குவதையும் வீட்டில் யோசித்துப் பாருங்கள்.

‘நன்கொடை’ என்று சங்கம் லட்சக்கணக்கில் கேட்டால் மறுக்கலாம். மாற்றுக் கட்டணத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாய்தான். விண்ணப்பத்தின் மீது மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை. காரணமில்லாமல் மறுத்தால் கூட்டுறவுப் பதிவாளரிடம் முறையிடலாம். பத்திரம் பதிவாகும் அன்றே அசல் பங்குப் பத்திரம், விற்பவர் கையெழுத்திட்ட மாற்றுப் படிவங்கள், பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற சங்கத்தின் கடிதம் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பிராப்பர்ட்டி கார்டு வந்து சேரும்வரை ஊர் நிலத்துக்குக் கிரயம் பேச வேண்டாம்.