அதிகாரம் கைக்கு வந்தால்...

இந்த மாதப் பாடத்தை நம்ம தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அதற்கும் கீழே கங்காணி. கங்காணி நம்ம ஆள்தான். ஆனாலும், "நேத்து வரைக்கும் நம்மோட பால் வெட்டினவன், இன்னைக்கு நம்மளையே அதட்டுறான்" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் அதிகாரம் போதும், மனுஷன் மாறிவிடுவான்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். வயிற்றுக்கும் கேட்டார்கள், மானத்துக்கும் கேட்டார்கள். அரசாங்கம் ராணுவத்தை விட்டு அடக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். இறங்கி நிற்கச் சொன்ன துரைமாரே தோட்டத்தை விட்டு ஓடினார்கள். அதிகாரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

பிறகு 1950களில் வேறொரு சோதனை. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நம்ம சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அப்போது மந்திரி. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட அவர் முன்னின்றார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். பால் வெட்டியவனே தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆனான்! பதவியில் இருப்பவர் தன் பலத்தைக் கீழே இருப்பவருக்குப் பகிர்ந்தால், பதவி போன பிறகும் பலன் நிற்கும்.

கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வ குணங்களைச் சொல்லும்போது அச்சமின்மையைத்தான் முதலில் வைக்கிறது. அகந்தையை அசுர குணங்களோடு சேர்க்கிறது. யோசித்துப் பாருங்கள்: மேலே இருப்பவனின் அகந்தைக்குத் தீனி போடுவது கீழே இருப்பவனின் பயம். இரண்டையும் நாம் விடவேண்டும்.

"எனக்கு ஏது அதிகாரம்?" என்று கேட்காதீங்க. வகுப்புத் தலைவர், தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கோயில் இளைஞர் பகுதிச் செயலாளர், வீட்டில் அண்ணன், எல்லாமே அதிகாரம்தான். ஒருவனை அறிய வேண்டுமானால், தன்னைத் திருப்பிக் கேட்க முடியாதவரிடம் அவன் எப்படிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். முதலில் நம்மையே கவனிப்போம்.

வகுப்பில் கலந்துபேச:
1. என் சொல்லுக்கு யார் பயப்படுகிறார்கள்? ஏன்?
2. யாருக்குப் பயந்து நான் நியாயத்தைப் பேசாமல் இருக்கிறேன்?
3. என் பொறுப்பை நாளை இன்னொருவரிடம் கொடுத்தால், நான் செய்ததில் எது நிற்கும்?