நேற்றா? நாளையா?

எங்க லைன் வீட்டில் பீகாரிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். பனியன் கம்பெனியில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, மறுநாள் பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று சொல்ல நினைத்து, அவரிடம் ‘கல் சூயி’ என்றேன். ‘கல்’ என்றால் நாளை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அவரோ, நேத்தே முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டார். புதன்கிழமை வரவே இல்லை. ஊசி ஒரு வாரம் தள்ளிப் போச்சுங்க.

இந்தியில் நேற்றும் ‘கல்’தான், நாளையும் ‘கல்’தான்! முந்தாநாளும் நாளன்னைக்கும் ‘பர்ஸோ’. வினைச்சொல்தான் காலத்தைக் காட்டும்.

கல் சூயி லகேகீ – நாளை ஊசி போடுவார்கள்
கல் சூயி லகீ – நேற்று ஊசி போட்டாச்சு
ஆஜ் – இன்று

மணி சொல்லும் முறை:
3.15 – ஸவா தீன்
3.30 – ஸாடே தீன்
2.45 – பௌனே தீன் (மூன்றுக்குக் கால் மணி குறைவு)
1.30 – டேட்
2.30 – டாயி
கடைசி இரண்டுக்கும் ‘ஸாடே’ வராது.

இப்போது அக்காவுக்கு ‘நேத்து, நாளைக்கு’ நான் சொல்லித் தருகிறேன். “ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தையா, நல்லாருக்கே!” என்கிறார். நீங்களும் பக்கத்து வீட்டாரிடம் பேசும்போது கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதன் என்றால் ‘புத்வார்’. தப்பே வராது!

– 9-ஆம் வகுப்பு மாணவி