பந்தயப் பருவமும் கடற்கரை மணலும்

பல்கலைக்கழகங்களுக்கிடையே நிகழும் ஓட்டப் பந்தயங்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களை ஒட்டியே வருகின்றன. அவற்றுக்கு ஆயத்தம் செய்யவேண்டிய ஐப்பசி, கார்த்திகையிலோ செங்கற்பட்டு ஜில்லாவெங்கும் அடைமழை. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் அமைந்திருக்கும் இந்த ஜில்லாவிலும் மண்தரை மைதானங்கள் அக்காலத்தில் சேறாகிவிடும். ஆகவே, மழை விட்ட காலையில் மாணவர் மாமல்லபுரத்து மணலை நாடுவது இயல்பே. அம்மணல் யாது தரும், யாது தராது என்பதை ஆராய்வோம்.

உறுதியான தரையினும் நெகிழ்ந்த மணலில் ஓடுவதற்கு ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறதென்று 1998இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். காரணம் யாதெனில், நாம் உதைக்கும் வலியில் ஒரு பங்கை மணல் நகர்ந்தே உண்டுவிடுகிறது. ஆதலின் மணலால் மூச்சும் கெண்டைத்தசையும் வலுப்பெறும், விரைவு வாராது. நூறு மீட்டர் ஓடுவோர் பந்தயத்திற்கு முந்திய வாரங்களிலும் மணலையே நம்பியிருத்தல் தகாது. கரையின் சரிவு வேறொரு தொல்லை: ஒரே திசையில் ஓடின் கடற்புறக் கால் ஓயாது தாழ்ந்தே ஊன்றும். போன வழியே திரும்புக. (களைப்புத் தீர அலையில் இறங்குதல் வேண்டா, அக்கடல் பொல்லாதது.)

இவற்றினும் முக்கியமானது உடலைச் சூடேற்றுதல். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், மும்முறைத் தாண்டலில் பதக்கம் பெறுவாரென எதிர்பார்க்கப்பட்ட ஹென்றி ரெபெல்லோ, தாண்டப் புகும் வேளையில் பரிசளிப்பு ஒன்றின் பொருட்டு நிறுத்தப்பட்டார். குளிரில் காத்து நின்றவர், மீண்டும் தேகத்தைச் சூடேற்றாமலே தாண்டினார்; பின்தொடைத் தசை கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 19. தூறலால் பந்தயம் அரைமணி தள்ளினும் நம் மாணவர் மறுபடியும் மெல்லோட்டம் ஓடுக. மேற்சட்டையைத் தொடக்கக் கோட்டருகே வந்த பின்னரே களைக.