சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் ஓவியம்

அன்புள்ள தங்கைக்கு,

பழங்காலக் கட்டடங்களையும் அவற்றில் உள்ள பொருட்களையும் பாதுகாக்கும் வேலைக்குப் போக விரும்புவதாக எழுதியிருந்தாய். அந்த வேலையின் இயல்பைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் ஒன்றே சொல்லிவிடும்.

கருவறையைச் சுற்றிச் செல்லும் இருண்ட, குறுகலான பாதையில் 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி ஒன்றைக் கண்டார். நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில், அதற்கு அடியில் சோழர் கால ஓவியம்! மேலே இருப்பதற்கு ஏறத்தாழ நானூறு வயது. கீழே இருப்பதற்கு ஆயிரம். கீழே உள்ளதைக் காட்டுவதற்காக மேலே உள்ளதைச் சுரண்டி எறிய முடியுமா? அதுவும் நம் வரலாறுதான். பிற்காலத்தில் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் நாயக்கர் ஓவியங்களில் சிலவற்றைச் சுண்ணாம்புப் பூச்சோடு பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு காலமும் பிழைத்தன.

இப்படிக் கை வைப்பதற்கு முன்னால் பொருள் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் தஞ்சைச் சுவரின் பூச்சையும் நிறங்களையும் சோதித்து, சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்பின் மீது தீட்டப்பட்டவை என்று காட்டினார்.

செப்புத் திருமேனிகளின் கதை வேறு. மண்ணுக்குள் கிடந்த சிலையில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் காப்பாட்சியர் பதறுவார். குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. புளி போட்டுத் தேய்த்தால் சிலை பளபளக்கும். ஆனால் அதைக் காத்துவந்த பழம்படலமும் போய்விடும். ஆகவே உப்பை நீக்கி, ஈரம் அண்டாத இடத்தில் வைப்பதே வழி.

மற்றபடி நாளின் பெரும்பகுதி பதிவேட்டில் கழியும். எண், அளவு, கிடைத்த இடம், நிழற்படம், செய்த சிகிச்சை எல்லாம் அதில் ஏற வேண்டும். துணியும் ஓலையும் இருக்கும் அறையில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சி வருகிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேட வேண்டும்.

கோயில்களைச் சுத்தம் செய்வதாக மணலைப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டுகளை மழுங்கடித்த கொடுமை நம் ஊரில் நடந்திருக்கிறது. கல்லைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பார். அப்படி ஒருத்தியாக நீ வர வேண்டும். கல்லூரியில் வேதியியலை எடுத்துக்கொள். கூடவே கல்வெட்டு வாசிக்கவும் இப்போதே பழகு.

அன்புடன்,
அண்ணன்