ஹாஸ்கெல் கற்கப் போகிறீர்களா?

1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஒரு மாநாட்டில், ஃபங்ஷனல் நிரல்மொழிகளை ஆராய்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆளுக்கொரு மொழி வைத்துக்கொண்டிருந்தது போதும், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். அப்படிப் பிறந்த ஹாஸ்கெலின் முதல் வரையறை 1990இல் வந்தது. பைத்தானோ ஜாவாவோ தெரிந்தவர்கள் இதற்குள் நுழையும்போது இடறும் இடங்கள் அநேகமாக எல்லோருக்கும் ஒரேமாதிரிதான்.

செய்ய வேண்டியவை

● முதலில் டைப்பை எழுதுங்கள். ஃபங்ஷனுக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது என்று தீர்மானித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. நடுவில் எதை எழுதுவது என்று தெரியவில்லையா? அங்கே ஓர் அடிக்கோடு போட்டுவிட்டு கம்பைல் செய்யுங்கள். அந்த இடத்தில் எந்த டைப் வேண்டும், கையில் இருப்பவற்றில் எது பொருந்தும் என்று கம்பைலரே பட்டியலிடும். ஹூகிள் என்ற தேடுபொறியில் டைப்பைக் கொடுத்தே ஃபங்ஷனைத் தேடலாம். மற்ற மொழிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது.

● விடை இல்லாமலும் போகலாம் என்றால் 'மேபி' டைப்பில் திருப்பிக் கொடுங்கள். பட்டியலின் முதல் உறுப்பைத் தரும் 'ஹெட்' அப்படிச் செய்வதில்லை; காலிப் பட்டியலைக் கொடுத்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். ஜி.எச்.சி. கம்பைலரே 9.8 பதிப்பிலிருந்து 'ஹெட்'டைப் பயன்படுத்தினால் எச்சரிக்கிறது. இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

● புத்தகம் வெளியான ஆண்டைப் பாருங்கள். 2015இல் வந்த ஜி.எச்.சி. 7.10இல், 'மோனாட்' என்ற வகையில் சேரும் டைப் எதுவும் 'அப்ளிகேட்டிவ்' என்ற வகையிலும் சேர்ந்தாக வேண்டும் என்று விதி மாறியது. அதற்கு முந்தைய புத்தகத்தில் சொந்தமாக மோனாட் எழுதும் பாடத்தை அப்படியே தட்டினால் கம்பைல் ஆகாது. தப்பு உங்களுடையதல்ல. அதே பதிப்பின் இன்னொரு மாற்றத்தால் (1, 2) என்ற ஜோடியின் நீளம் 1 என்று விடை வரத் தொடங்கியது. அது சரியா என்ற சண்டை வெகுகாலம் ஓடியது.

● கம்பைலரை நிறுவ ஜி.எச்.சி.அப் என்ற கருவி போதும்.

செய்யக்கூடாதவை

● மோனாட் புரிந்த பிறகுதான் நிரல் எழுதுவேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கணிதத்திலிருந்து அந்தக் கருத்தை நிரல்மொழி ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் யூஜெனியோ மோஜி. அதை நிரலாளர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபிலிப் வாட்லர். நீங்கள் மேபியையும், உள்ளீடு வெளியீட்டுக்கான ஐஓவையும் சில வாரம் புழங்குங்கள், பொது வடிவம் தானாகப் பிடிபடும். மோனாட் என்பது பரிட்டோ (மெக்சிகோ உணவு) மாதிரி என்று விளக்கப் புறப்படுவது ஹாஸ்கெல் வட்டாரத்தில் பழைய கேலி.

● பெரிய பட்டியலைக் கூட்ட 'ஃபோல்ட்எல்' ஃபங்ஷனை எடுக்காதீர்கள். தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத மொழி இது. ஆகவே கூட்டாமல் பாக்கி வைத்த கணக்கெல்லாம் நினைவகத்தில் குவியும். கம்பைலர் சில சமயம் காப்பாற்றும். அதை நம்பி இருக்க வேண்டாம். ஒற்றை மேற்கோள் குறியோடு முடியும் அதன் இன்னொரு வடிவம் உடனுக்குடன் கணக்கிட்டுவிடும்.

● நீண்ட உரைகளுக்கு 'ஸ்டிரிங்' வேண்டாம், 'டெக்ஸ்ட்' எடுங்கள்.

● வேறு மொழியில் எழுதுபவர்களை மட்டம் தட்டாதீர்கள். இந்தச் சமூகத்தில் அந்த நோய் உண்டு. மரியாதையாகப் பேசுவது எப்படி என்று ஹாஸ்கெலை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பேட்டன் ஜோன்ஸே குறிப்பு எழுத வேண்டி வந்தது.

● கணிதப் பட்டம் இல்லையே என்று தயங்காதீர்கள். ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உலகெங்கும் பயன்படும் பாண்டாக், ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. எழுதிய ஜான் மக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர்.