பியானோ முன் ஓர் ஒப்பந்தம்

கேள்வி: 'கும்ராஹ்' இந்திப் படத்தில் சுனில் தத் பியானோ வாசித்தபடி, நாம் மறுபடி அந்நியர்களாகிவிடலாம் என்று பாடுவாரே, அந்தப் பாட்டைப் பற்றி ஒரு சந்தேகம். என் சித்தப்பா பம்பாயில் வேலை பார்த்தவர். அந்த கேசட்டைத் தேயத் தேயக் கேட்பார். காதல் முறிந்ததை மனதார ஏற்றுக்கொண்டவனின் பாட்டு என்பார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் குரலைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை. யார் சொல்வது சரி?

- ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: உங்கள் காது சரி. சித்தப்பாவும் முழுக்கத் தவறில்லை.

1963-ல் பி.ஆர். சோப்ரா எடுத்த படம். அக்கா இறந்துபோக, அவள் பிள்ளைகளுக்காக அத்தானையே கட்டிக்கொள்கிறாள் மீனா (மாலா சின்ஹா). நம்மூரில் இதற்கு விளக்கமே வேண்டாம். பழைய காதலன் திரும்பி வருகிறான். கணவர் அசோக் குமார் இருக்கும் கூடத்திலேயே உட்கார்ந்து பாடுகிறான்.

முதல் சரணத்தில் அழுகை இல்லை, சாபம் இல்லை. ஓர் ஒப்பந்தம்தான் இருக்கிறது. உன்னிடம் கனிவை எதிர்பார்க்க மாட்டேன், நீயும் அந்த மாதிரிப் பார்க்காதே. என் நெஞ்சின் தடுமாற்றம் பேச்சில் தெரியக் கூடாது, உன் தவிப்பு கண்ணில் தெரியக் கூடாது. பாகப்பிரிவினை போல ஆளுக்குப் பாதிக் கட்டுப்பாடு. மனசு மாறிவிட்டது என்று எங்காவது சொல்கிறானா? வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் சரணத்தில் குட்டு உடைகிறது. பழைய அவப்பெயர் என்னோடு வருகிறது, கழிந்த இரவுகளின் நிழல் உன்னோடும் வருகிறது என்கிறான். அந்நியப் பெண்ணிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா?

சித்தப்பா பிடித்துக்கொண்டது கடைசிச் சரணத்தை. அறிமுகம் நோயானால் மறப்பதும், உறவு சுமையானால் முறிப்பதும் நல்லது என்று சொல்லிவந்து, முடிவுக்குக் கொண்டுபோக முடியாத கதையை என்ன செய்வது என்பதில் வந்து நிற்கிறது அது. அங்கே 'மோட்' என்றொரு சொல். சாலை வளைவதும் மோட், கதை திரும்புவதும் மோட். நம் 'திருப்பம்' என்ற சொல்லிலும் இரண்டும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும் பஸ், வளைவில் திரும்பியதும் கண்ணுக்கு மறைந்துவிடும். நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கதையை அழகான ஒரு திருப்பத்தில் விட்டுவிடலாம் என்கிறான், முடிக்கச் சொல்லவில்லை.

சாஹிர் லுதியான்வி இதைப் படத்துக்கென்று எழுதவில்லை. 'கூப்சூரத் மோட்', அதாவது அழகிய திருப்பம் என்ற தலைப்பில் அவருடைய 'தல்கியான்' தொகுப்பில் உள்ள உருதுக் கவிதை. யாரை நினைத்து எழுதினார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டு கவிதையில் கூடுதலாக ஒரு சொல்கூடப் புரியப்போவதில்லை.

ரவியின் இசையில் பாடியவர் மகேந்திர கபூர். ஃபிலிம்ஃபேர் விருது வாங்கித் தந்த பாட்டு. அவருடைய கணீர்க் குரல் இங்கே அடங்கி ஒலிக்கிறது. உங்களுக்கு இடறியது அந்த அடக்கமாகத்தான் இருக்கும். இன்னொன்று, பல்லவி. சரணத்துக்குச் சரணம் பல்லவி திரும்புவது எல்லாப் பாட்டிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே பல்லவியே, அந்நியராகிவிடலாம் வா என்ற அழைப்பு. மறுபடி அழைக்கும்போதெல்லாம், முன்பு அழைத்தது பலிக்கவில்லை என்றாகிறது.

சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், கேசட் தேய்ந்தது எந்தச் சரணத்தில் என்று.